ஜெர்மனில் ஒரு மடக்குத் தண்ணீர்

ஜெர்மன் மொழி எழுத்துத் தேர்வில் இரண்டு முறையும் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். பேச்சுத் தேர்வில் இரண்டு முறையும் அவள்தான் கடைசி. மூன்றாவது முறையும் தவறினால், ஜெர்மனியில் அவளுக்கென்று வைத்திருக்கும் மருத்துவமனை வேலை மாதக் கடைசியில் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

பதினோரு வருடமாக நர்ஸாக இருப்பவள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, கட்டிலருகே நிற்கும்போது என்று மூன்று தடவை மருந்தின் பெயரைப் படிக்காமல் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. அந்தப் பழக்கம் நாக்குவரை ஏறியிருந்தது. ஜெர்மனில் ஜடப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. கரண்டி ஆணா, முள்கரண்டி பெண்ணா என்று உள்ளுக்குள் சரிபார்த்துச் சரிபார்த்து ஒரு வாக்கியத்தை வெளியே விடுவதற்குள், தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

வகுப்பில் பக்கத்து நாற்காலி வெல்டருடையது. அவன் வாய்க்கு வந்ததை வந்த வரிசையில் கொட்டுவான். ஆசிரியை தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் அவருக்குப் புரிந்துவிடும். தப்பாகவாவது பேசுங்கள், பேசினால்தான் திருத்த முடியும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதையும் அவள் நோட்டில் அழகாக எழுதி, அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு வரி சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு கேட்டையே பத்த வச்சு மாட்டிருவேன்," என்றான் வெல்டர்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போதுதான் அவள் பதில் சொன்னாள்: "மாட்டின கேட்டு நிக்குமா தம்பி?"

மூன்றாவது பேச்சுத் தேர்வில் இருவரையும் ஜோடியாகப் போட்டார்கள். உடன் வேலை செய்பவருக்கு ஒரு வழியனுப்பு விழா. அதை இருவரும் பேசித் திட்டமிட வேண்டும். வெல்டர்தான் தொடங்கவேண்டும். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நெற்றியில் வேர்வை பூத்தது, உதடு வெளுத்தது, விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தன.

அந்த முகத்தை அவள் வார்டில் நூறு தடவை பார்த்திருக்கிறாள்.

காலையில் சாப்பிட்டாயா என்று ஜெர்மனில் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான், இல்லையென்று. சாய்ந்து உட்கார், மூச்சை மெதுவாக விடு என்றாள். தேர்வாளர்கள் பக்கம் திரும்பி, அந்தத் தண்ணீர் பாட்டிலை இப்படித் தள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்றாள். ஆண் பெண்ணானது, வினைச்சொல் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு பிழையும் கீழே விழும் சத்தம் அவளுக்குக் கேட்டது. குனிந்து பொறுக்க நேரமில்லை.

அவன் ஒரு மடக்குக் குடித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியது.

அறை அமைதியாக இருந்தது. எத்தனையோ அமைதிகளுக்குள் ஒதுங்கி வாழ்ந்தவள். இதற்குள் மட்டும் ஒதுங்க அவளுக்கு மனமில்லை. விழாவை எங்கே வைக்கலாம் என்று அவனைக் கேட்டாள். தோட்டத்தில் என்றான். மழை வந்தால் என்று மடக்கினாள். கேக் யார் கொண்டுவருவது, நாற்காலிக்கு எங்கே போவது, முதலில் யார் பேசுவது? நேரம் முடிந்துவிட்டது என்று தேர்வாளர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பத்தாம் நாள், வார்டு வராந்தாவில் நின்றபடி முடிவைப் பார்த்தாள். தேர்ச்சி. வெல்டரும் தேறியிருந்தான்.

மற்றவர்களாக இருந்தால் மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்கள். அவள் ஜெர்மனியில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு நேராகப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் படபடவென்று ஏதோ கேட்டது, பாதிதான் புரிந்தது. பெயரைச் சொன்னாள், பாஸாகிவிட்டேன் என்றாள், என்றைக்கு வேலையில் சேரவேண்டும் என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஜெர்மனில் கேட்டாள்.