பன்னிரண்டு வயதுக்குள்

அவன் பத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றவன். அச்சகத்தை மூடிய அன்று முதலாளி எல்லாருக்கும் கை கொடுத்தார். அதோடு சரி. பிறகு ஏழு மாதம் வேலை தேடி அலைந்தான். போன இடத்திலெல்லாம் முதலில் வயதைக் கேட்டார்கள். நாற்பத்துமூன்று என்றதும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மனைவி ஒரு சலவை நிலையத்தில் மருத்துவமனை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அங்கே யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து அவள்தான் சொன்னாள். லிஃப்ட் பழுது பார்க்க ஒரு வருடப் படிப்பு இருக்கிறதாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் தொழில் மாற்றிப் படித்தால் அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருமாம். மகளுக்கு அப்போது பதினொரு வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். படிப்பு முடிவதும் மகளுக்குப் பன்னிரண்டு நிறைவதும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. சேர்ந்துவிட்டான்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் மீசை அரும்பிய பையன்கள். முதல் வாரமே அவனை 'மாமா' ஆக்கிவிட்டார்கள். பாடம் நடத்திய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். ஒருநாள் வாய் தவறி அவளும் "மாமா, அந்த ஸ்பேனரக் குடுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. வேலை போன பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறாவது மாதம் பயிற்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தது. மோட்டார், மின்பலகை எல்லாம் நாசம். மூன்று மாதம் கதவைப் பூட்டிவிட்டார்கள். தொகை நிற்கவில்லை என்பதால் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் கடிதம் வந்தது. அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். மகள் பிரித்து உரக்கப் படித்தாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறையும் நாளோடு உதவித்தொகை நிறுத்தப்படும் என்று இருந்தது. அந்த நாளுக்கு இன்னும் எட்டு வாரம். படிப்பு முடிய அதற்கு மேலும் மூன்று மாதம்.

மகள் இன்னொரு முறை மனசுக்குள் படித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பொறந்த தேதிய மூணு மாசம் தள்ளிப் போட முடியாதாப்பா? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவன் குழாயை மூட மறந்து நின்றான்.

மறுநாள் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனான். கவுன்ட்டரில் இருந்தவர் இருமிக்கொண்டே காதுகொடுத்துக் கேட்டார், நல்ல மனிதர்தான். தண்ணீர் புகுந்தது, வகுப்பு நின்றது, அதில் தன் தவறு ஒன்றுமில்லை என்று அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீங்க எத்தன நாள் படிக்கிறீங்கன்னு கம்ப்யூட்டர் பாக்காதுங்க," என்றார் அவர். "பிள்ளைக்கு என்ன வயசுன்னு மட்டும்தான் பாக்கும்."

அந்தப் பணம் வாடகைக்கே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மனைவியின் சம்பளத்தில்தான் சாப்பாடும் பள்ளிக்கூடமும். பழைய அச்சக நண்பர்களிடம் போய்ப் பார்த்தான். அவர்களில் ஒருவன் இவனிடமே கைமாற்றுக் கேட்டான். படிப்பை விட்டுவிடலாம் என்றால், இதுவரை போனதெல்லாம் தண்ணீரில் போட்டதாகிவிடும். தொடரலாம் என்றால் தலைக்கு மேல் கூரை இருக்காது. மகள் பாடப் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் அவன் தங்கச்சி வந்தாள். புருஷன் விட்டுப் போன பிறகு நாலு வயதுப் பையனைத் தனியாக வளர்க்கிறவள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கிற வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"என் பையன உன் பேர்ல எழுதிக்கோண்ணா. உன் வீட்டுல வளர்றான்னு போடு. யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறாங்க?"

அவன் முடியாது என்றான். மூன்று நாள் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நாலாவது நாள், தொகை நிற்கப்போவதைக் கேள்விப்பட்ட வீட்டுக்காரர் வந்து, அடுத்த மாதத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானமே படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனான்.

கவுன்ட்டர்காரர் பையனின் பிறப்பு எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே அம்மா பெயரில் பகல்நேரக் குழந்தைக் காப்பகத்துக்கு அரசாங்கப் பணம் போய்க்கொண்டிருக்கிறது, இதை ஏற்றால் அது நாளைக்கே நின்றுவிடும் என்றார்.

"உங்க தங்கச்சிக்குத் தெரியுங்களா?"

அவன் படிவத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டான். அவர் கொடுத்துவிட்டார்.

நேராகத் தங்கச்சி வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனான். அவள் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பகப் பணம் நின்றுவிடும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டான்.

"தெரியும். சொன்னா நீ கையெழுத்துப் போட மாட்ட."

"பையன எங்க விடுவ?"

"இங்க கூட்டிட்டு வருவேன். ஒரு மூலையில உக்காந்திருப்பான். மூணு மாசந்தானே."

அவளை அவன் அதுவரை அதட்டியதே இல்லை. அன்று கத்தினான். என்னை என்ன பிச்சைக்காரன் என்று நினைத்தாயா என்று கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து, ஈரப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். அவள் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள். பிறகு, இப்போதுதான் துடைத்தேன், எழுந்திரு என்றாள்.

படிப்பை விடுகிறேன் என்று சொல்ல மறுநாள் ஆசிரியையிடம் போனான். அவள் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு வழி சொன்னாள். பாதிக்கு மேல் வகுப்பு முடித்தவர்கள் முன்கூட்டியே தேர்வு எழுதலாம். ஆறு வாரம் இருக்கிறது. எழுத்துத் தேர்வும் செய்முறையும் தேறினால் மகளின் பிறந்தநாளுக்கு முன்பே சான்றிதழ் கைக்கு வந்துவிடும். மற்றவர்களுக்கு நாலரை மாதத்தில் நடத்தப்போகும் பாடத்தை இவன் ஒன்றரை மாதத்தில் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேருந்தில் படித்தான். அரிசி களையும்போது படித்தான். மகள் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி உச்சுக்கொட்டுவாள். வீட்டுக்காரரிடம் மனைவி பேசி ஒரு மாதம் அவகாசம் வாங்கினாள்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். செய்முறைக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டை ஓட வைக்க வேண்டும். நாற்பது நிமிடம். அவன் பத்தே நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்தான். கதவுப் பூட்டின் இணைப்பு தேய்ந்திருந்தது. இதோ முடிந்தது, இதோ முடிந்தது என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரோடு கையை உள்ளே விட்டான்.

"கைய எடுங்க," என்றார் தேர்வாளர், மெதுவாக.

அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தவில்லை. முதல் நாள் முதல் பாடம் அது. இந்தத் தப்புக்குப் பாதி மதிப்பெண் என்பதெல்லாம் கிடையாது. இனி மூன்று மாதம் கழித்து வகுப்போடு சேர்ந்துதான் மறுதேர்வு. ஆசிரியை வெளியே வந்து தண்ணீர் கொடுத்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தான். அவனுடைய பேருந்து ஐந்தாறு முறை வந்து போயிற்று. வீட்டுக்குப் போய் எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. எதிரே வந்த லாரியைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தன்மேலேயே பயம் வந்து, அடுத்த பேருந்தில் ஏறிவிட்டான்.

மனைவி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நின்றபடியே சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அவனுடைய வலது கையைப் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலல்ல?"

இல்லை என்றான். அப்புறம்தான் அவள் அழுதாள்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து தங்கச்சியின் ஒன்றரை அறைக்குப் போனார்கள். ஐந்து பேர், ஒரு கட்டில். மனைவி இரண்டு ஷிப்டு பார்த்தாள். முன்கையில் இஸ்திரிச் சூடு பட்டுப் பட்டு வரிவரியாகிவிட்டது. அவன் விடிந்ததும் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வகுப்புக்குப் போனான். பாடத்தின் நடுவே தூங்கி விழுவான். மாமா தியானத்தில் இருக்கிறார் என்று பையன்கள் அவனை மறைத்து உட்கார்ந்துகொள்வார்கள். யாரிடமும் சொல்லாமல் இரண்டு முறை படிப்பை விட முடிவு செய்தான். இரண்டு முறையும் காலையில் கால் பழக்கத்தில் அங்கேதான் போய் நின்றது.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. மறுதேர்வில் தேறினான். பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை. ஒரு சின்ன கம்பெனியில் உதவி மெக்கானிக்காக எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆறு மாதச் சம்பளம் அச்சகத்தில் வாங்கியதைவிடக் குறைவுதான். தனி வீடு பார்க்க இன்னும் கையில் சேரவில்லை.

ஆனால் முதல் சம்பளம் வந்த வாரம் மனைவி இரண்டாவது ஷிப்டை விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் படுத்தவள் பத்து மணி தாண்டியும் எழவில்லை. அவன் மகளையும் தங்கச்சி பையனையும் வெளிப்படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சத்தம் போடாமல் விளையாடுங்கள் என்று சொல்லி, கதவை மெல்லச் சாத்தினான்.