கரிச்சிக்குளத்துக்கு இரண்டு பூட்டு

திருப்பூர் தனி மாவட்டமாகப் பிரியாத காலம். கரிச்சிக்குளத்தின் மேற்குக் கரை கோவை மாவட்டம், கிழக்குக் கரை ஈரோடு மாவட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டி, வண்டலை அள்ளிக் குளத்தைச் சீர்செய்தபோது இரண்டு கரைக்காரர்களும் ஒன்றாகத்தான் நின்றார்கள். போன வருஷம் யாரோ அவசரப்பட்டு முதல் மழைத் தண்ணீரையே உள்ளே விட்டுவிட, மீனெல்லாம் செத்து மிதந்தது. திறந்தது எந்தக் கரை என்ற சண்டை ஓயாததால், ஷட்டர் சக்கரத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள். மேற்குச் சாவி சாயப்பட்டறை மகுடேஸ்வரனிடம், கிழக்குச் சாவி அந்தக் கரையில் விவசாயம் பார்க்கும் மாரக்காளின் இடுப்பில்.

ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணை. அதன் ஓரத்தில் குளத்துக்குப் பிரியும் வாய்க்கால். வாய்க்காலின் வாயில்தான் அந்த இரும்பு ஷட்டர். மூடியிருந்தால் வெள்ளம் அணையைத் தாண்டி ஓடையோடு போய்விடும். தூக்கினால் குளத்துக்குத் திரும்பும். கோடையில் ஓடைக்குள் தேங்கிய சாயக் கழிவை முதல் வெள்ளம் கழுவிக்கொண்டு வரும். அது போகும்வரை பொறுக்க வேண்டும். ரொம்பவும் பொறுக்க முடியாது. அந்த ஓடையில் வெள்ளம் அரை நாள் நின்றாலே பெரிது.

ஐப்பசி மழை கொட்டிய மறுநாள் காலை, ஊதாவாக வந்த தண்ணீர் மெல்ல மாறிச் செம்மண் நிறத்தில் புரண்டது. மாரக்காள் ஷட்டரருகே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க்கா, இன்னும் என்னத்தப் பாக்கறீங்க? உங்க பூட்டத் தொறங்க!" என்றார் பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி. அவர் கிணறு கோடையிலேயே வற்றிவிட்டது. மாரக்காளின் கிணறும் அப்படித்தான். அவள் சாவியை எடுத்துவிட்டாள்.

அவிநாசிபாளையத்துப் பக்கமிருந்து கம்பெனி வேன் வந்து நின்றது. மகுடேஸ்வரன் இறங்கி ஓடிவந்தார்.

"வேண்டாமுங்க்கா. இது இன்னும் உப்புத் தண்ணிங்க."

"நெறமே இல்லியே தம்பி?"

"துணியில சாயம் ஏறறதுக்கு உப்புப் போடறமுங்க. சாயத்தத் துணி வாங்கிக்கும், உப்பு தண்ணியோட வெளிய வந்துரும். மிச்சச் சாயத்தையும் மருந்து போட்டு எடுத்தர்றோம். உப்ப எடுக்கறதில்லீங்க. மழை வந்தா அந்த உப்புத் தண்ணித் தொட்டியெல்லாம் தொறந்து விட்டுருவாங்க."

"உங்க தொட்டி?"

மகுடேஸ்வரன் தரையைப் பார்த்தார். "தொறந்தாச்சுங்க. அதனாலதான் ஓடியாந்தேன். எங்க ஊட்டுக் கெணறும் இந்தக் கொளத்து ஊத்துதானுங்களே."

"நரி வந்து கோழிக்கு வைத்தியஞ் சொல்லுது!" என்று சீறினார் ஆறுச்சாமி. "வெள்ளம் வடியட்டும்னு இழுத்தடிக்கறாருங்க்கா. நம்பாதீங்க."

மாரக்காள் இரண்டு பேரையும் பார்த்தாள். செய்ததை ஒப்புக்கொண்டவன் என்பதாலேயே அவன் பேச்சை நம்பிவிட முடியுமா? நம்பாமல் வற்புறுத்தி இரண்டு பூட்டையும் திறக்கவைத்து, அது உப்பாக இருந்தால், மழை கழுவித் தராத வரை குளத்திலிருந்து அதை எடுக்க வழியில்லை. அவள் தோட்டத்து மண்ணில் உப்பு எப்படி வெளியே வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஈரம் மண்ணுக்குள்ளிருந்து மேலே ஏறும், வெயிலில் காயும், தூக்கி வந்த உப்பு மேல் மண்ணில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

"வேன்ல கருப்புத் துணி இருக்குதா?"

டிரைவர் காசிமாயன் ஒரு கை நிறையக் கருப்புப் பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்தான். அவள் நீளமாக ஒரு கீற்றுக் கிழித்தாள். ஒரு முனை ஓடையில் மொண்ட வாளித் தண்ணீரில், மறுமுனை சூடான இன்ஜின் மேல்.

"என்னக்கா, எஞ்சினுக்குக் கோமணமா?" என்றான் அவன்.

"சும்மா பாரு கண்ணு."

தண்ணீர் துணியில் ஏறியது. சேறு கீழேயே தங்கிவிட்டது. மேல்முனை காய்ந்ததும், வியர்த்து உலர்ந்த சட்டை முதுகுபோல வெள்ளைக் கோடு விழுந்தது. ஆறுச்சாமி அதைத் தொட்டு நக்கினார். முகம் சுளித்தது.

மாரக்காள் சாவியை மறுபடி செருகிக்கொண்டாள்.

வேனை ஓடவிட்டபடி காத்திருந்தார்கள். அணைச் சுவரில் வெள்ளம் ஒரு முழம் இறங்கியது. இரண்டாவது கீற்றில் கோடு மங்கலாக இருந்தது. வெள்ளம் இன்னும் ஒரு சாண் இறங்கியது. ஆறுச்சாமி எழுந்து போனார், திரும்பி வந்தார். மூன்றாவது கீற்று கருப்பாகவே காய்ந்தது.

இரண்டு பூட்டும் திறந்தன. துருப்பிடித்த சக்கரத்தை மகுடேஸ்வரனும் மாரக்காளும் சேர்ந்து சுற்றினார்கள். அசையவில்லை. ஆறுச்சாமி வந்து தோள் கொடுத்த பிறகுதான் ஷட்டர் மேலே ஏறியது. முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வாய்க்காலில் நுழைந்தது.

"பாதிக் கொளம்கூட ரொம்பாது" என்றார் ஆறுச்சாமி.

"ஆமாங்க" என்றாள் மாரக்காள். "உங்க தொட்டிய மொதல்ல மூடச் சொல்லுங்க தம்பி. மழை இன்னும் இருக்குது."

மகுடேஸ்வரன் செல்போனை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனார். ஆறுச்சாமி காசிமாயன் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்:

"ஏனப்பா, அந்தக் கருப்புத் துணி மிச்சமிருக்குதா? கெணத்துல தண்ணி ஊறிச்சுன்னா, அதையும் பாக்கோணும்."