ஒரே முகவரியில் இரண்டு மெஷின்

ஆஸ்பத்திரியில் வீடியோ பதிவு என் பொறுப்பு. ஆபரேஷன் தியேட்டரில் ஒரு ரெக்கார்டர் ஏற்கெனவே இருந்தது. தீக்காய வார்டுக்கென்று இன்னொன்று அன்று காலைதான் வந்திறங்கியது. பதினோரு மணிக்குள் அதை ஓட வைக்கச் சொன்னார்கள். ஃபேக்டரித் தீயில் எட்டுப் பேர் செத்து ஒருத்தி மட்டும் மிஞ்சியிருந்தாள். அவளும் நாளை வரை தாங்குவாளா என்று டாக்டருக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போட அவளுக்கு விரல்கள் இல்லை. அதனால் வாக்குமூலத்தை வீடியோவில் எடுக்க விசாரணை அதிகாரி வந்திருந்தார்.

வார்டு வாசலில் ஒரு அம்மா நின்றார். செத்தவர்களில் ஒருத்தி அவர் மகள். அந்த மகள்தான் தீ வைத்தாள் என்று ஃபேக்டரி முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

“கதவை வெளிய பூட்டி வெச்சிருந்தாங்க தம்பி. அதைச் சொல்ல இவ ஒருத்திதான் இருக்கா. சரியா பதிவாயிடும்ல?”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்! போய் உக்காருங்கம்மா” என்று எரிந்து விழுந்தேன். என் வாய் அப்படி.

புது மெஷினில் படம், ஒலி, தேதி, நெட்வொர்க் முகவரி என்று ஒவ்வொன்றாக அமைக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். தியேட்டர் மெஷினில் எல்லாவற்றையும் ப்ரீசெட்டாகச் சேமித்து வைத்திருந்தேன். அதை பென் டிரைவில் எடுத்துவந்து இதில் ஏற்றினேன். ஏற்றும்போது ‘நெட்வொர்க் அமைப்பும் சேர்த்து’ என்று ஒரு கட்டம் வரும். ஒவ்வொரு மெஷினுக்கும் முகவரி தனி என்பதால் அதிலிருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். எனக்கு நன்றாகவே நுழைந்தது, அதுதான் வினை.

இரண்டு மெஷினுக்கும் ஒரே முகவரியாகிவிட்டது. கீழே என் அறையில் உட்கார்ந்து பதிவு பட்டனை அழுத்தினேன். கட்டளை ஆளில்லாத தியேட்டருக்குப் போனது. என் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வார்டு கேமராவின் படமும் ஒலியும் தனி ஒயரில் வருவதால் அவள் முகமும் தெரிந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அந்த மூச்சு! கேட்கச் சகிக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதான் பதிவாகிறதே, நான் வேறு எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து ஃபைலைத் திறந்தேன். பச்சைத் துணி விரித்த ஆபரேஷன் மேஜை. ஓட்டிப் பார்த்தேன். கடைசி வரை மேஜைதான்.

மூன்று மாடியும் ஓடி ஏறினேன். “இன்னொரு தடவை எடுத்துக்கறேன் சிஸ்டர், அஞ்சே நிமிஷம்.”

“தொண்டையில குழாய் போட்டாச்சு. இனிமே எங்க பேசறது?” என்றார் நர்ஸ்.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. ஓரமாக அழைத்துப்போனார்.

“நர்ஸைக்கூட வெளிய அனுப்பிட்டுத்தான் நான் கேட்டேன். ஆனா நான் ஒருத்தன் சொன்னா முதலாளியோட வக்கீல் ஊதித் தள்ளிடுவான். நீயும் கேட்டிருப்பேல்ல? அவ சொன்னதை அப்படியே எழுதிக் குடு. ரெண்டு பேர் சொன்னா நிக்கும்.”

“சவுண்டை நான் கேக்கல சார்.”

“ஒரு வார்த்தை கூடவா?”

“ஆரம்பத்துல ரெண்டு மூணு வார்த்தைதான் சார். அப்புறம் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டேன்.” அவர் கையிலிருந்த காகித ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவ்வளவு நோவுல அவ பேசினாளே தம்பி. உங்களால கேக்க முடியலையா?”

அவர் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னை உள்ள விடமாட்டேன்னுட்டாங்க. விட்டிருந்தா நான் கேட்டிருப்பேன்” என்றார்.