வாய் பிளந்த முகம்

புருசனை எப்படியாவது வாயைப் பிளக்க வைத்தே தீருவது என்று வசந்தாமணி ஆடி மாதத்தில் முடிவு கட்டினாள். எல்லாம் அந்த மனுசன் போனில் பேசியதைக் கேட்டதால் வந்த வினை.

"பாக்கலாமுங்க. ஆயுத பூஜை முடிஞ்சு வண்டி கெளம்பறதுக்குள்ள சொல்லிப்போடறேன்" என்றார் கதிர்வேல். மறுமுனையில் பேசியவர் ராய்ப்பூர்ப் பக்கம் போர்வெல் வண்டி ஓட்டுகிற முதலாளி. மேனேஜராக வந்து சும்மா நின்றால் போதுமாம்.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் ஏறாத ஆம்பிளை அபூர்வம். கதிர்வேலும் மீசை அரும்பிய வயதில் ஏறியவர்தான். ராஜஸ்தான் மணலிலும் இமயமலை அடிவாரத்திலும் துளை போட்டுவிட்டு, போன வருசம்தான் இடுப்பு வலியோடு வீடு வந்து சேர்ந்தார். அதுவரை மழைக்காலத்தில் வந்துபோகும் விருந்தாளி. கிளம்புகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பு வாரைச் சரி செய்கிறேன் என்று வாசலில் வெகுநேரம் குனிந்திருப்பார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்பாள் இவள். போய்விடுவார்.

இப்போது மறுபடியும் போகப் போகிறார். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்வாளா? முப்பது வருசம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவளுக்கு இப்போது கெஞ்ச ரோசம் இடம் கொடுக்கவில்லை. ஊரிலேயே அவர் மலைத்து நிற்கும்படி எதையாவது காட்டிவிட்டால் தானாக இருந்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள். யோசனை கொடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தனப்பிரியா. எதையாவது கண்டு மலைத்து நிற்பது மனசுக்கு நல்லது என்று அவள் ஆபீசில் ஒரு வகுப்பு எடுத்தார்களாம். "அதிசயம் தானா வரும்னு உக்காந்திருக்கக் கூடாதும்மா, நாமளே திட்டம் போட்டுப் போயிப் பாக்கோணும்" என்றாள். மகள் பேச்சுவாக்கில் சொன்னதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மனுசனின் வாய் பிளந்த முகத்தை வசந்தாமணி ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். எருமப்பட்டியில் அவள் அப்பா தோட்டத்தில் போர் போட்ட அன்று. வெங்காயம் வாடிக் கிடந்தது. மதியம் வரை வெறும் புழுதிதான் வந்தது. அப்பா கயிற்றுக் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திடீரென்று தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டு எழ, தாவணியோடு நனைந்துகொண்டு நின்ற வசந்தாமணி, மெஷின் பக்கத்தில் ஓர் ஆளைப் பார்த்தாள். உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி, திறந்த வாய் திறந்தபடி. முதல் தண்ணீர் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தாள். தண்ணீரைக் கண்டு இப்படி மலைக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்றும் நினைத்தாள். அடுத்த தையில் அந்த ஆளின் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது அந்த முகத்தை நம்பித்தான் சரியென்றாள்.

அதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

முதலில் கொல்லிமலை அருவி. முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அத்தனை படியும் இறங்கினாள். அருவியைக் கண்டதும் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாரலில் நின்று குழந்தை மாதிரி சிரித்தாள். சட்டென்று நினைவு வந்து, "எப்புடி இருக்குதுங்க?" என்றாள்.

"நல்லாருக்குது. வடக்க பஸ்தர்ப் பக்கம் இதவிடப் பெருசு ஒண்ணு இருக்குது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து, நாமக்கல்லில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணைக்கு, தெரிந்தவர்களைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தட்டுத் தட்டாக முட்டைகள் பொரிய, மஞ்சள் குஞ்சுகள் தலையை நீட்டின. ஒன்றைக் கையில் வாங்கிய வசந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கதிர்வேல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். இந்த ஆள் மரக்கட்டைதான் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் எருமப்பட்டியிலிருந்து அண்ணன் சின்னுசாமி கூப்பிட்டு, பழைய போர் வற்றிப்போச்சு, பக்கத்திலேயே புதுசு போடறோம் என்றார். வசந்தாமணிக்கு உயிர் வந்தது. அதே தோட்டம், அதே தண்ணீர். இதற்கும் அசையாவிட்டால் ராய்ப்பூர் என்ன, எங்கே வேண்டுமானாலும் போய்த் தொலையட்டும்.

அன்றைக்கும் மதியம் வரை புழுதிதான். மெஷின் அலறியதில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. சின்னுசாமி அப்பாவைப் போலவே தலையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை தண்ணீரையே பார்ப்பதில்லை, புருசன் முகத்தைத்தான் பார்ப்பது என்று வசந்தாமணி உறுதியாக இருந்தாள்.

ஆரவாரம் கேட்டது. தலையில் சேறும் தண்ணீருமாகக் கொட்டியது. அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியப் பாருங்க" என்று அவர் காதருகே கத்தினாள்.

"அத எத்தனையோ பாத்துப்போட்டேன்" என்று அவரும் குனிந்து கத்தினார்.

"பொறவு அன்னைக்கு எதுக்கு வாயப் பொளந்துக்கிட்டு நின்னீங்க? மொதத் தண்ணின்னுதானே?"

"மொதத் தண்ணியா? அதுக்கு முன்னால நாலு வருசம் வண்டி ஓட்டியாச்சு புள்ள. மிசின் சத்தம் மாறுனாலே எனக்குத் தெரிஞ்சுரும். தோட்டத்துக்காரங்க மூஞ்சியப் பாக்கலாம்னு திரும்புனேன். நீ நின்ன."

அவளுக்கு அருவி நினைவு வந்தது. "பஸ்தர்ல பெருசா இருக்குதுன்னீங்களே?"

"இருக்குது. அதப் பாத்தப்ப பக்கத்துல ஆருமில்ல."

முப்பது வருசத்து ரோசம் வசந்தாமணியை விட்டு இறங்கியது. "போவாதீங்க" என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று காதைக் காட்டினார்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, "ராய்ப்பூருக்குப் போவாதீங்க, எங்கூடவே இருங்க" என்று கத்தினாள். அதே நொடியில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். தோட்டம் முழுக்கக் கேட்டது. வண்டி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னுசாமி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வரப்பைப் பார்த்தார்.

கதிர்வேல் வாயைப் பிளந்தபடி நின்றார். சேறு அப்பிய அந்த முகம் அன்றைக்குப் பார்த்த அதே முகம்தான்.

பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"வருசா வருசம் செருப்பு வாரச் சரி பண்ணிக்கிட்டு வாசல்ல நின்னேனே, இதுக்குத்தான் புள்ள நின்னேன்."