பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்புப் பூ

மாலக்கி கார்ம்லி அன்று காலை மூன்று தடவை கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். மூன்று தடவையும் தேநீர் போட மறந்தார். அறுபத்து மூன்று வயது மனிதர் சொந்த அடுப்படியில் கால் தரிக்காமல் அலைந்ததற்குக் காரணம் ஒரு காகிதப் பூ. வாசல் பக்கக் கண்ணாடி முன்னால் நின்று, அவர் மனைவி டிம்ப்னா அதைத் தன் கறுப்புக் கோட்டில் குத்திக்கொண்டிருந்தாள்.

நவம்பர் வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியை விரும்பும் ஜனங்களின் தெருக்களில், பாதிக் கோட்டுகளில் அந்தச் சிவப்புப் பாப்பிப் பூ இருக்கும். போரில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகக் குத்திக்கொள்வது. இந்தப் பக்கம், மில் தெருவில், ஒருத்தர் கோட்டிலும் இருக்காது. எழுபதுகளில் அதே ராணுவம் இந்தத் தெருவின் கதவுகளை உதைத்துத் திறந்ததை யாரும் மறக்கவில்லை. மாலக்கியின் அண்ணன் யூஜினின் தாடையை ஒரு துப்பாக்கிக் கட்டை உடைத்ததையும் மறக்கவில்லை.

ஆனாலும் அந்த ராணுவத்தில் அப்பனையோ தாத்தாவையோ பறிகொடுத்தவர்கள் இங்கேயும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பூவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடப்பார்கள், பாலம் தாண்டியதும் குத்திக்கொள்வார்கள், திரும்பும்போது பாலத்துக்கு முன்னாலேயே கழற்றிவிடுவார்கள். மூலைவீட்டு சேடி மல்ஹாலண்ட் தன் அப்பாவுக்காக நாற்பது வருஷம் இப்படித்தான் செய்தாள். தெருவுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் மில் தெருவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"சேடி மாதிரி செஞ்சா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றார் மாலக்கி. அன்று காலையில் இது ஐந்தாவது தடவை.

"ஃபின்டன் இந்த வாசப்படிலேருந்துதான் பெட்டியத் தூக்கிட்டுப் போனான். பாலத்துக்கு அந்தப் பக்கமா பொறந்தான் அவன்?"

"சன்னல ஒடைப்பாங்க."

"ஒடைக்கட்டும். வீட்ல போர்வை இருக்கு."

"சொல்றதக் கேளு டிம்ப்னா."

"நீ ஒண்ணும் வர வேணாம். நான் உன்னக் கூப்பிடவும் இல்ல."

அது உண்மை. அதுதான் அவரைச் சுட்டது. ஊரில் வேலை கிடைக்காமல் லிவர்பூல் போன அவர்கள் மகன் ஃபின்டன், இருபத்திரண்டு வயதில் அந்த ராணுவத்திலேயே சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து மூன்று வருஷம் மாலக்கி அவனோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடிக்கும். அடித்ததும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவார், கணப்புக்கு நிலக்கரி அள்ள. "உங்கப்பா கரி அள்ளப் போயிருக்காருடா" என்று டிம்ப்னா சொல்வது சன்னல் வழியே கேட்கும். ஜூலை மாத வெயிலிலும் அதையேதான் சொல்வாள். பையன் அதற்கு மேல் கேட்க மாட்டான். போன மே மாதம் ஆப்கானிஸ்தானில் சாலையோரக் குண்டு வெடித்து அவன் செத்துப்போனான். இன்று பதினோரு மணிக்கு, பாலத்துக்கு அப்பால் நினைவுத்தூணருகே, மற்ற பெயர்களோடு அவன் பெயரை முதல் தடவையாக வாசிக்கப்போகிறார்கள்.

டிம்ப்னா ஆயுளில் பாப்பிப் பூ குத்தியவள் அல்ல. காம்பை ஒட்டி ஊசியை ஒரு தடவை உள்ளே விட்டு வெளியே எடுத்தாள், அவ்வளவுதான். பூ தலைசாய்ந்து தொங்கியது. மாலக்கி பார்த்தார். நாற்பது வருஷம் சுவர் பூசியவருக்கு எது நிற்கும், எது விழும் என்று பார்த்தாலே தெரியும். விழுந்து தொலையட்டும் என்று நினைத்தார். நினைத்தது நினைத்ததுதான், அதை மறைப்பானேன்.

பத்தரைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். மாலக்கி நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எவனாவது வாயைத் திறந்தால் அடக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முப்பது கஜம் பின்னாலேயே நடந்தார். அவளோடு சேர்ந்து நடக்கிற மாதிரி தெரியாத தூரம் அது.

பாதித் தெருவில், தன் வீட்டு வாசலில், டெர்மட் ராஃபர்ட்டி சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். மாலக்கியோடு நாற்பது வருஷம் ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தவர், வெள்ளிக்கிழமை தவறாமல் சீட்டாடும் கூட்டாளி. டிம்ப்னா வருவதைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மெதுவாக முதுகைத் திருப்பிக்கொண்டார். டிம்ப்னா தலையை நிமிர்த்தி நேராகப் போய்க்கொண்டிருந்தாள், அதை அவள் கவனிக்கவில்லை. டெர்மட்டின் வாசலை எட்டும்போது பூ கழன்று ஈரத் தாரில் விழுந்தது. அதையும் அவள் கவனிக்கவில்லை. டெர்மட் ஓரக்கண்ணால் பார்த்தார், உடனே அவள் பக்கம் திரும்பினார்.

"குட் மார்னிங், டிம்ப்னா."

"குட் மார்னிங், டெர்மட்."

அவள் போய்விட்டாள். மாலக்கி பூவருகே வந்து நின்றார். தாண்டிப் போய்விடலாம். காற்று அதைச் சாக்கடைக்குக் கொண்டுபோய்விடும். சன்னல் உடையாது, வெள்ளிக்கிழமை சீட்டும் நிற்காது. ஆனால் அங்கே, அத்தனை பேர் நடுவில், பையன் பெயரை வாசிக்கும் நேரத்தில் டிம்ப்னா கோட்டைத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. மாலக்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்னத்தப் பொறுக்குற?" என்றார் டெர்மட்.

மாலக்கி பூவைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் திணித்தார். காகிதம் நசுங்கியது. வெளியே எடுத்தார். ஓர் இதழ் மடிந்திருந்தது.

"டிம்ப்னாவோடது."

"தெரியும், பாத்தேன். அவ பெத்தவ, அவ மேல குத்தம் சொல்ல மாட்டேன். நீ யூஜினோட தம்பி. சாகற வரைக்கும் உங்கண்ணன் சூப்பத்தான் உறிஞ்சுனான். நீ அதக் கையில பிடிச்சிக்கிட்டு இந்தத் தெருவுல போவியா?"

"யூஜினுக்கு நடந்ததுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இது என் பையனோடது."

"இப்பத்தான் உம் பையனா? அவன் பேர எடுத்தாலே கையில இருக்குற சீட்டக் கவுத்து வெச்சிட்டு எந்திரிச்சுப் போவியே."

"போனேன். நீ பாத்துக்கிட்டு இருந்த, அதான் போனேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே உறைத்தது. கோபம் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது முதல் வருஷத்தோடு ஆறிவிட்டது. மீதி இரண்டு வருஷமும் இந்தத் தெருவுக்குப் பயந்து பையனைக் காக்க வைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

டெர்மட் சிகரெட்டைக் காலால் நசுக்கினார். "வெள்ளிக்கெழம வராத" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கையை மடக்கினால் பூ கசங்கும். அதனால் மாலக்கி உள்ளங்கையை விரித்து, பறவைக்கு இரை வைத்திருப்பவர் மாதிரி, பூவை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். வேகமாகவும் நடக்க முடியவில்லை, காற்றில் பறந்துவிடும். திரைச்சீலைகள் அசைந்தன. மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ராணிகிட்ட நாங்களும் கேட்டதா சொல்லு, கார்ம்லி."

நிமிர்ந்து பார்த்தால் யாரென்று தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. தெரிந்துகொண்டால் நாளைக்கு அந்த முகத்தை ரொட்டிக் கடையில் பார்க்க வேண்டும். கையைக் கீழே இறக்கவில்லை. தெரு முடிய இன்னும் பத்து வீடுகள் இருந்தன.

டிம்ப்னா பாலத்தின் முனையில், இந்தப் பக்கமே, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் திரும்புவதற்குள் மாலக்கி பூவிருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மே மாதத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் அப்படியொரு தெளிவை அவர் பார்த்ததில்லை.

"பாத்தியா?" என்றாள். "ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லல. டெர்மட்கூட குட் மார்னிங் சொன்னான். சேடி சன்னல்லேருந்து கை காட்டுனா. இவங்களுக்குப் போயா இந்தப் பாடு பட்ட?"

சொல்லிக்கொண்டே கோட்டைத் தொட்டாள். விரல்கள் அங்கேயே தேடின. முகம் மாறியது.

"இப்பத்தான் விழுந்துச்சு" என்று மாலக்கி அவசரமாகக் கையை நீட்டினார். "இங்கதான், பாலத்துகிட்ட."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"ஏன் கசங்கியிருக்கு?"

"நான்தான் அவசரத்துல அள்ளிட்டேன். நில்லு, ஆடாத."

ஊசி கோட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் காம்பைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, இரண்டு தடவை உள்ளே விட்டு இறுக்கினார். மடிந்த இதழைக் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

"அப்ப தெரு முழுக்க இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள்.

"தெரு முழுக்க இருந்துச்சு."

"நீதான் வீணா பயந்துட்ட, மாலக்கி."

"ஆமா" என்றார். "மூணு வருஷமா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். பதினொன்றுக்கு ஏழு நிமிஷம் இருந்தது. இருவரும் பாலத்தின் மேல் நடந்தார்கள்.