பதினான்கு பேருடைய சந்தோஷம்

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களின் மனநலத்தைப் பார்த்துக்கொள்ள புதிதாக ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். நல்ல மனுஷன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டினாலும் சிரித்த முகம்தான். அதனால் நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு சார். வந்த முதல் வாரமே எல்லா வார்டிலும் ஒரு போஸ்டர் ஒட்டினார். 'ஒரு நிமிடம் நில்லுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள்' என்று அதில் போட்டிருந்தது. எங்கள் வார்டு சுவரில் வேறு இடமே இல்லாததால் மூன்றாம் கட்டிலுக்கு நேர் எதிரே ஒட்டிவிட்டுப் போனார். நோயாளிகள் அது தங்களுக்குத்தான் என்று நினைத்து ஆழமாக மூச்சு விட ஆரம்பித்தார்கள். வயிற்றில் தையல் போட்டவர்கள் ஆழமாக மூச்சு விட்டால் என்ன ஆகும்? வலிக்கும். வலித்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். ஆக, அந்தப் போஸ்டரால் எங்களுக்கு வேலை கூடியதுதான் மிச்சம்.

நான் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் இன்சார்ஜ் நர்ஸ். முப்பத்திரண்டு கட்டில். என்னையும் சேர்த்துப் பதினான்கு நர்ஸ்கள். பதினெட்டுப் பேர் இருக்க வேண்டும் என்று பேப்பரில் இருக்கிறது, பேப்பர் வந்து ஊசி போடாது. இருபத்துநான்கு வருஷ சர்வீஸில் நான் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. இந்தக் கதை நடக்கும் வரைக்கும்.

என் வார்டில் 'எக்ஸ்பிரஸ்' என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் நடந்தால் திரைச்சீலை எல்லாம் ஆடும். மற்றவர்கள் மூன்று பேர் செய்வதை ஒருத்தியாகச் செய்வாள். அந்த ஒரு குற்றத்துக்காகவே யார் லீவு போட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்ன, நான்தான் கூப்பிடுவேன். ஐந்து வாரமாக அவளுக்கு வார விடுமுறையே கிடைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் மருந்து ட்ராலியை நிறுத்திவிட்டு என்னிடம் ஒரு கவரை நீட்டினாள்.

"என்னடி இது?"

"ராஜினாமாக்கா."

"விளையாடாதே. பன்னெண்டாம் கட்டிலுக்கு டிரிப் முடியப்போகுது பாரு."

"மாத்திட்டேன். அக்கா, என் புள்ளைக்கு மூணு வயசு. நேத்து என்னை எப்படிக் கூப்பிட்டான் தெரியுமா? சிஸ்டர்னு கூப்பிடுறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் இது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது.

"சனிக்கிழமை வரைக்கும் பொறு. புதுசா ஒரு நர்ஸ் வராளாம். எந்த வார்டுக்குன்னு சனிக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்றாங்க. நமக்குத்தான் கிடைக்கும். நமக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?"

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கும்."

"கிடைக்கலைன்னா அந்தக் கவரைக் குடுத்துடுங்க. நானா மேட்ரன் ரூமுக்குப் போனா அழுதுடுவேன்."

கவரை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அதே நாள் மத்தியானம் சிரிப்பு சார் ஒரு கட்டு ஃபாரம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஆளுக்கு இருபத்திரண்டு கேள்வி. நன்றாகத் தூங்குகிறேனா, உட்கார்ந்து சாப்பிடுகிறேனா, வேலைக்கு உற்சாகமாக வருகிறேனா, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண். வியாழக்கிழமைக்குள் எல்லாரிடமும் எழுதி வாங்கித் தர வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கிடைப்பதே பன்னிரண்டு நிமிஷம். அதில் போய் 'உட்கார்ந்து சாப்பிடுகிறேனா' என்று யோசித்து எழுதச் சொன்னால், சாப்பிடாமல்தான் எழுத வேண்டும். பாவம், அவர்களை ஏன் படுத்த வேண்டும் என்று நான் ஒரு காரியம் செய்தேன். வியாழக்கிழமை மருந்து ரூமில் உட்கார்ந்து பதினான்கு ஃபாரத்தையும் நானே எழுதி, அவரவர் பெயரில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

என்ன எழுதினேன் என்றுதானே கேட்கிறீர்கள்? இருபத்துநான்கு வருஷமாக சார்ட் எழுதுகிற கை இது. 'நோயாளி நலம். நன்றாகத் தூங்கினார். வேறு புகார் இல்லை.' அந்தப் பழக்கத்தில் பேனா தானாக ஓடியது. தூக்கம், எட்டு. சாப்பாடு, ஒன்பது. உற்சாகம், எட்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று நடுவில் இரண்டு ஏழு தூவினேன். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு எழுந்து போனேன்.

சனிக்கிழமை மீட்டிங். எல்லா வார்டு இன்சார்ஜும் வந்திருந்தோம். சிரிப்பு சார் திரையில் படம் போட்டுக் காட்டினார். வரிசையாகக் கம்பங்கள். ஒன்று மட்டும் பனைமரம் மாதிரி உயர்ந்து நின்றது.

"இதுதான் நம்ம ஆஸ்பத்திரியிலேயே சந்தோஷமான வார்டு!" என்று என்னைப் பார்த்துக் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் யாருக்கு என்று தெரியாமல் தட்டினேன். என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

அப்புறம் மேட்ரன் அம்மா எழுந்தார். "ஃபாரத்தை வெச்சுதான் முடிவு பண்ணியிருக்கோம். புது நர்ஸ் கண் வார்டுக்கு. அங்கதான் எல்லாரும் ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க."

கண் வார்டு நாலு மணிக்கு மூடுகிற வார்டு. அந்த வார்டு இன்சார்ஜ் என் பக்கம் குனிந்து, "நாங்க உண்மையை எழுதினோம்க்கா. நீங்க எப்படிக்கா இவ்ளோ சந்தோஷமா இருக்கீங்க? எங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் இன்னும் வலித்தது.

இதோடு விட்டார்களா? சிரிப்பு சாருக்கு இன்னொரு யோசனை. சந்தோஷமான வார்டிலிருந்து ஒருத்தரை மூன்று மாதத்துக்குக் கண் வார்டுக்கு அனுப்பினால் அந்தச் சந்தோஷம் அங்கேயும் பரவுமாம். லிஸ்டில் அதிக மார்க் வாங்கியவளையே தேர்ந்தெடுத்திருந்தார். யார் தெரியுமா? எக்ஸ்பிரஸ். ஒன்பது புள்ளி ஒன்று. அவள் மேல் எனக்குப் பிரியம் ஜாஸ்தி, அதனால் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தேன்.

சான்றிதழை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின் வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை இருமினார்.

"எத்தனை நாளா இருக்கு? சளி வருதா? என்ன கலர்?"

"இப்பத்தான்மா இருமுறேன். தண்ணி புரை ஏறிடுச்சு." என் முகத்தைப் பார்த்து டிவியை நிறுத்தினார். "என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். சான்றிதழைக் காட்டியபோது மட்டும் தாங்க முடியாமல் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"திங்கக்கிழமை போய் உள்ளதைச் சொல்லிடு."

"அடுத்தவங்க கையெழுத்துங்க. மெமோ குடுப்பாங்க. இருபத்துநாலு வருஷம்!"

"சொல்லலைன்னா அந்தப் பொண்ணு போயிடுவா. உனக்கு எது பெருசு?"

ஞாயிறு முழுக்க வீட்டிலுள்ள டப்பாக்களை எல்லாம் துடைத்து லேபிள் ஒட்டினேன்.

திங்கட்கிழமை மேட்ரன் ரூமில் சிரிப்பு சாரும் இருந்தார். நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.

"மேடம், அந்த ஃபாரம் எல்லாம் நான்தான்."

"தெரியும், நீதானே வாங்கிக் குடுத்தே."

"வாங்கலை மேடம். எழுதினேன். பதினாலும்."

சிரிப்பு சார் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அப்ப 'உற்சாகமாக வேலைக்கு வருகிறேன்', எட்டு புள்ளி ஒண்ணு?"

"நான்தான் சார்."

"'சக ஊழியர்களோடு சிரித்துப் பேசுகிறேன்', ஒன்பது?"

"அதுவும் நான்தான் சார்."

"யாரோடம்மா சிரிச்சுப் பேசினீங்க?"

"யாரோடயும் இல்ல சார். மருந்து ரூம்ல தனியா இருந்தேன்."

மேட்ரன் அம்மா ஃபாரங்களைப் புரட்டினார். அவரும் ஒரு காலத்தில் வார்டில் கால் தேய்ந்தவர்தான். "எட்டு, ஒம்பது, எட்டு, ஏழு, எட்டு. டெம்பரேச்சர் சார்ட் மாதிரியே போட்டிருக்கியே! நாங்க படிக்கும்போது வார்டுக்குப் போகாமலே இப்படித்தான் போடுவோம். இதை எப்படி நான் கவனிக்காம விட்டேன்?"

டிராயரில் இருந்த கவரை எடுத்து வந்திருந்தேன். அதையும் மேஜைமேல் வைத்தேன். "இதை நான் குடுக்கலை மேடம். காட்டுறேன், அவ்ளோதான். இவளைக் கண் வார்டுக்கு அனுப்பினா இது நிஜமாயிடும். மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

மேட்ரன் அம்மா படித்துவிட்டு, கவரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். "ரெண்டு மணிக்கு ரெண்டு ஷிஃப்டும் இருப்பாங்க இல்ல? எல்லாரும் உக்காந்து அவங்கவங்க ஃபாரத்தை அவங்கவங்களே எழுதட்டும். வார்டை ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கிறேன். சார், நீங்களும் வாங்க."

அந்த ஒரு மணி நேரத்தை எங்கள் வார்டு மறக்காது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் மேட்ரன் அம்மா கையில் பெட்பேன். ஒன்பதாம் கட்டில் பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "புதுசா சேர்ந்திருக்கீங்களா சிஸ்டர்?" என்றார்.

"ஆமாங்க, இன்னிக்குத்தான்."

"கவலைப்படாதீங்க, போகப்போகப் பழகிடும். அந்த எக்ஸ்பிரஸ் பொண்ணுகிட்ட கேட்டுக்கோங்க, நல்லா சொல்லித் தரும்."

சிரிப்பு சாரை லேபுக்கு மூன்று தடவை, ரத்த வங்கிக்கு ஒரு தடவை ஓடவிட்டார் மேட்ரன். நாலாவது தடவை வந்தவர் சட்டை நனைந்து சுவரில் சாய்ந்து நின்றார். "சார், ஒரு நிமிஷம் நில்லுங்க, ஆழமா மூச்சு விடுங்க" என்றார் மூன்றாம் கட்டில்காரர், போஸ்டரைப் பார்த்துப் படித்து.

நாங்கள் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினோம். நான் நாலு தடவை எழுந்தேன். நாலு தடவையும் மேட்ரன் உள்ளேயிருந்து, "உக்காரு!" என்று அதட்டினார். 'உட்கார்ந்து சாப்பிடுகிறேன்' என்ற கேள்வியில் பேனா நின்றது. கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டேன்? ஒரு கல்யாண வீட்டில். அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இப்போது இரண்டாவது குழந்தை. ஒன்று என்று போட்டேன். 'வீட்டில் இருக்கும்போது வேலையை மறக்க முடிகிறது'. இருமிய மனுஷனிடம் சளி என்ன கலர் என்று கேட்டவள் இதற்கு என்ன போடுவாள்? பூஜ்யம்.

விடுமுறையில் இருந்தவர்களும் நைட் ஷிஃப்ட்காரர்களும் மறுநாள் எழுதினார்கள். சிரிப்பு சார் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தார். எக்ஸ்பிரஸ், மூன்று. வார்டிலேயே அவளைவிடக் கீழே ஒரே ஒரு ஆள்தான். இரண்டு புள்ளி ஒன்று.

"யாரு சார் அது? பாவமே, முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேனே!" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"சார், கூட்டல் தப்பு."

"மூணு தடவை கூட்டினேம்மா."

மேட்ரன் அம்மா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். புது நர்ஸ் எங்கள் வார்டுக்கு. கண் வார்டுக்கு மத்தியானம் வரை வேறு ஒருத்தர். எக்ஸ்பிரஸ் இங்கேயே இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆஃப். அதை ட்யூட்டி லிஸ்டில் மேட்ரனே தன் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கடைசியாக என்னிடம் இரண்டு காகிதம் நீட்டினார்.

"ஒண்ணு மெமோ. இன்னொண்ணு பத்து நாள் லீவு."

"ரெண்டுமா மேடம்?"

"மெமோவை நிதானமாப் படிக்கணும் இல்ல, அதுக்குத்தான் லீவு."

வெளியே எக்ஸ்பிரஸ் நின்றிருந்தாள். கவரைக் கொடுத்து, "கிழிச்சுப் போடுடி" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. மூணு ஞாயித்துக்கிழமை ஒழுங்கா ஆஃப் வரட்டும், அப்புறம் கிழிக்கிறேன். உங்களை நம்ப முடியாது. ஒன்பது புள்ளி ஒண்ணு போட்டவங்கதானே நீங்க?"

லீவில் ஐந்து நாளை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் இருமல் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் இருமிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் முடியவில்லை. வார்டுக்குப் போன் போட்டேன். புதுக் குரல் ஒன்று எடுத்தது.

"யாரும்மா, புது நர்ஸா? எக்ஸ்பிரஸைக் கூப்பிடு."

"அவங்க இன்னிக்கு ஆஃப் மேடம்."

"வரலையா?"

"வரலை மேடம். காலையில ஒருத்தர் லீவு சொன்னாங்க, ஆனா இவங்களைக் கூப்பிடக்கூடாதுன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. மேட்ரனே வந்து மருந்து ட்ராலி தள்ளிட்டிருக்காங்க."

போனை வைத்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போட்டேன்.

"எக்ஸ்பிரஸ் இருக்காளாம்மா?"

"இல்லை மேடம். ஆஃப்."

"சரி, சரி. சும்மாதான் கேட்டேன்" என்றேன். கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.