வரத்து வாய்க்கால்

இந்தக் குளத்தை நாகஜோதி சுரண்டுவது இது ஒன்பதாவது வருடம். எரியோடு ஊருக்குக் கிழக்கே, நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் வருடா வருடம் அதே இடத்தில் மண்ணை வெட்டி, அதே கரையில் கொட்டுவார்கள். மழை பெய்தால் அத்தனை மண்ணும் திரும்ப உள்ளே வந்துவிடும். குளம் மட்டும் நிறைந்ததே இல்லை. எப்படி நிறையும்? தண்ணீரைக் கொண்டுவர வேண்டிய வரத்து வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது.

குளம் நிறைந்தால் நாகஜோதியின் கிணறு ஊறும். ஊறினால் ஒரு ஏக்கரில் வெங்காயம் போடலாம், பன்னிரண்டாவது படிக்கும் மகள் கௌசல்யாவைக் கல்லூரியில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு நூல் மில்லுக்கு அனுப்ப வேண்டியதுதான். மில்லுக்கு ஆள் பிடிக்கிறவன் இரண்டு தடவை வந்து போய்விட்டான்.

"வாய்க்காலை வெட்டச் சொல்லுங்க சார்," என்று ஓவர்சியர் பிரபுவிடம் கேட்டாள்.

"எஸ்டிமேட்ல குளம்தாம்மா இருக்கு."

"போன வருசமும் இதத்தான சொன்னீக?"

"போன வருச எஸ்டிமேட்லயும் குளம்தாம்மா இருந்துச்சு."

நாகஜோதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரசாங்கம் கொடுக்கிற காசு கொஞ்சமா? அதைக் கொண்டுவந்து இந்தப் பள்ளத்திலேயே கொட்டுகிறார்களே, பாவிகள்!

மறுநாள் காலை, வேலைக்கு வந்தவர்களைக் குளத்தில் நிற்கவைத்து, வருகைக்கான போட்டோவைச் செல்போனில் எடுத்தாள் பணித்தளப் பொறுப்பாளர் அறிவுச்செல்வி. எடுத்து முடித்ததும், "வாங்கடி," என்று மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு நடந்தாள் நாகஜோதி. மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

"அக்கா, என் வேலைக்கு உலை வச்சுராதக்கா!" என்று அறிவுச்செல்வி கத்தினாள். யார் கேட்டார்கள்? மத்தியானப் போட்டோவுக்குக் குளத்துக்கு ஓடிவந்து நின்றுவிட்டு மறுபடி ஓடினார்கள். கையெல்லாம் முள் கிழிக்க, எட்டே நாளில் வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் குளம் நிறைந்தது, கிணறும் ஊறியது.

அளவெடுக்க வந்த பிரபு கரையிலேயே நின்றுவிட்டான்.

"தண்ணிக்குள்ள என்னத்தம்மா அளக்குறது? அளவு இல்லாம எட்டு நாள் கூலி போட முடியாது."

"வாய்க்காலை அளங்க."

"அதை யாரு வெட்டச் சொன்னா?"

"ஒம்பது வருசமா ஒண்ணுத்துக்கும் ஆகாத பள்ளம் வெட்டுனோம், ஒரு நாள் பாக்கியில்லாமக் கூலி போட்டீக. தண்ணி கொண்டாந்த எட்டு நாளுக்குத்தான் கூலி கெடையாதாக்கும்?"

பிரபு பைக்கை நோக்கிப் போனான். கௌசல்யா இனி மில்லுக்குப் போகப்போவதில்லை. அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அதற்காக இத்தனை பேருடைய கூலியை விட்டுக்கொடுத்துவிட முடியுமா? நாகஜோதி பைக்குக்கு முன்னால் போய்ச் சேற்றிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து மற்றவர்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.